உப்பீனியும் நம் உப்புப் பெட்டியும்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 'அலசன்' என்று படித்தோமே, அதன் தமிழ்ப் பெயர் உப்பீனி. உப்பை ஈனுவது என்று பொருள். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் பொருள் அதுவே. புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் ஆகியன இக்குடும்பத்தவை. குளோரீன் சோடியத்துடன் சேர்ந்தால் கறியுப்பு.

அயடீன் தைரொயிட் சுரப்பிக்கு வேண்டியது. குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூட.

இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமாயிற்று. நோர்வேயில் அப்படியில்லை. இங்கு 1950 முதல் மாட்டுத் தீவனத்தில் அயடீன் சேர்த்தார்கள். அது பால் வழியாக மக்களைச் சேர்ந்தது. பாலும் கடல்மீனுமே இங்கு முக்கிய வழிகள்.

ஆகவே சைவ உணவோடு பாலையும் குறைத்துக்கொள்ளும் நம்மவர் கவனிக்க வேண்டும். கடலுப்பில் அயடீன் தானாகவே நிறைய இருக்கும் என்று எண்ணுவது தவறு. அதற்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், வைத்தியரிடம் கேட்போம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: ஒஸ்லோக் கடையில் அம்மா உப்பு வாங்கும்போது, பெட்டியில் 'யொட்' என்ற நோர்வேச் சொல் இருக்கிறதா என்று வாசித்துச் சொல்லுங்கள். அதுதான் நம் அயடீன்.