பலகையில் தாத்தா படம்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் உள்ளது. அங்கே பூமிக்கு அடியில் தங்கம் எடுத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது.

அந்த ஊரில் ஒரு பாட்டி. அவர் கணவர் சுரங்கத் தொழிலாளி. அவர் இறந்துவிட்டார். அவருடைய போட்டோ ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது. தலையில் தொப்பி, தொப்பியில் விளக்கு.

மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறியது. போட்டோவின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்தது. பாட்டி கலங்கினார்.

"பலகையில் பதித்து வைக்கலாம், பாட்டி" என்றான் பேரன்.

"இந்தப் போட்டோவிலா பசை தடவுவது?"

"இல்லை பாட்டி. இதைத் தொட வேண்டாம். நகல் எடுத்து, அந்த நகலைப் பதிக்கலாம்."

பாட்டி 60 வயதில் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தவர். ஒரு தாளில் கணவர் பெயரை எழுதிக் கொடுத்தார். "இதுவும் படத்துக்குக் கீழே வரட்டும்" என்றார்.

பேரன் நகல் எடுத்து வந்தான். இருவரும் அதைப் பலகையில் பதித்தார்கள். மறுநாள் தாளை நீக்கினார்கள். தாத்தா முகம் தெரிந்தது. பாட்டி பெயரைப் படிக்கப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் திரும்பி நிற்கிறதே!" என்றார்.

பேரன் அதைக் கவனிக்கவே இல்லை. எழுதியவர் கண்ணுக்கு உடனே தெரிந்தது.

ஏன் அப்படி ஆனது?

நகலைப் பலகைமேல் கவிழ்த்து ஒட்டுகிறோம். அதனால் இடப்பக்கம் வலப்பக்கமாக மாறும். ரப்பர் முத்திரையைப் பாருங்கள். அதில் எழுத்து திரும்பி இருக்கும். தாளில் குத்தினால் நேராக விழும். நகலும் அப்படி இருக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எடுக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

வெளிர் நிற மரப்பலகை, உப்புத்தாள், மரம் ஒட்டும் வெள்ளைப் பசை, பிரஷ், துணி, வார்னிஷ்.

செய்யும் முறை

1. கம்ப்யூட்டர் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். படத்தைத் திருப்பி, சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் கேளுங்கள்.

2. பலகையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். தூசியைத் துடையுங்கள்.

3. பலகையில் பசையை மெல்லியதாக, ஒரே சீராகத் தடவுங்கள்.

4. நகலைக் கவிழ்த்து வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். காற்றுக் குமிழி நிற்கக் கூடாது.

5. ஒரு நாள் முழுவதும் நிழலில் காய விடுங்கள்.

6. ஈரத்துணியால் தாளை நனையுங்கள். தாள் ஊறியதும் விரல் நுனியால் மெதுவாகத் தேயுங்கள். தாள் திரிதிரியாக உருண்டு வரும்.

7. காய்ந்ததும் வெள்ளையாகப் படலம் தெரிந்தால், மறுபடி லேசாக நனைத்துத் தேயுங்கள்.

8. நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ் பூசுங்கள். காற்றோட்டமான இடத்தில் பூசுங்கள். அருகில் அடுப்பு எரியக் கூடாது.

படம் எப்படி மரத்துக்கு வருகிறது?

லேசர் பிரிண்டின் மை ஒரு பொடி. அதில் பிளாஸ்டிக் உண்டு. இயந்திரம் அதைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறது. அந்த மை தண்ணீரில் கரையாது. தாள் ஊறிப் பிய்ந்துவிடும். மை பசையோடு மரத்தில் தங்கிவிடும். இங்க்ஜெட் பிரிண்டின் மை தண்ணீரில் கலையக் கூடும். அது இதற்கு ஆகாது.

பாட்டியும் பேரனும் இரண்டாம் முறை செய்தார்கள். தாள் உருண்டு உருண்டு வந்தது. தொப்பி தெரிந்தது. விளக்கு தெரிந்தது. கீழே பெயர் நேராக நின்றது. பாட்டி விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். பழைய போட்டோவை ஓதம் இல்லாத பெட்டியில் பத்திரமாக வைத்தார்.

நினைவில் வையுங்கள்

* பழைய போட்டோவில் பசையும் தண்ணீரும் படக் கூடாது.
* தண்ணீரை ஊற்றாதீர்கள். பசை இளகிப் படம் உரியும்.
* அழுத்தித் தேய்த்தால் முகம் அழிந்துவிடும்.
* முதலில் ஒரு துண்டுப் பலகையில் செய்து பழகுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. பெயர் ஏன் திரும்பி விழுந்தது?
2. தாளை நனைத்தும் மை ஏன் கரையவில்லை?
3. உங்கள் வீட்டில் யாருடைய படத்தைப் பதிப்பீர்கள்? அவர் பெயரை எழுதுங்கள்.