நேரடி விரிவுரையும் ஒளிப்பதிவுப் பாடமும்

சிறந்த பேராசிரியர் ஒருவரின் விரிவுரையை ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொண்டால், அதனை எத்தனை ஆண்டுகளுக்கும் எத்தனை ஆயிரம் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டலாம். அவ்வாறிருக்க, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வோராண்டும் ஓர் ஆசிரியர் நின்று அதே பாடத்தை மீண்டும் நடத்துவது ஏன்? மாணவர் நாள்தோறும் பேருந்தேறி வகுப்புக்கு வருவதுதான் ஏன்? இவ்வினாக்களை இன்று மாணவரும் எழுப்புகின்றனர். கல்விக்கு நிதி ஒதுக்கும் அலுவலரும் எழுப்புகின்றனர். மாணவர் தம் நேரத்தை எண்ணிக் கேட்கிறார். அலுவலர் செலவை எண்ணிக் கேட்கிறார். ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாத கல்லூரிகளில் பயிலும் மாணவர்களின் எதிர்காலம் இவ்வினாவுக்கு நாம் காணும் விடையைப் பொறுத்திருப்பதால், இதனை ஆராய்ந்து பார்த்தல் இன்றியமையாதது.

வகுப்பறைக்கு அப்பால்

வகுப்பறைக்கு வர இயலாதவர்களுக்கு உயர்கல்வியைக் கொண்டு செல்லும் முயற்சி நம் நாட்டில் புதியதன்று. 1962ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடளாவிய வகுப்பறை' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1984 ஆகஸ்டு 15 அன்று இன்சாட்-1பி வாயிலாகத் தொடங்கியது. மறு ஆண்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1987இல் இரண்டு பட்டயப் படிப்புகளுடனும் 4,528 மாணவர்களுடனும் அது தன் பாடப் பணியைத் தொடங்கியது. கல்விக்கென்றே வடிவமைக்கப்பட்ட எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது.

இந்திய தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய 'என்.பி.டெல்' திட்டம், பொறியியல், அறிவியல் பாடங்களின் விரிவுரைகளைப் பதிவு செய்து கட்டணமின்றி வழங்கியது. 2017 ஜூலை 9 அன்று 'ஸ்வயம்' தளமும், அதனுடன் 32 தொலைக்காட்சி அலைவரிசைகள் கொண்ட 'ஸ்வயம் பிரபா'வும் தொடக்கி வைக்கப்பட்டன. ஒரு பருவத்தின் பாட மதிப்பெண் அலகுகளில் ஸ்வயம் வழியே பெறத்தக்க பங்கு, 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நூற்றுக்கு 20 ஆக இருந்தது. 2021ஆம் ஆண்டு விதிகள் அதனை 40 ஆக உயர்த்தின. ஆகவே, பதிவு செய்த பாடம் துணைப்பாடம் என்னும் நிலையைக் கடந்து பட்டப்படிப்பின் உள்ளேயே இடம் பெற்றுவிட்டது.

பதிவினால் விளையும் நன்மை

ஒளிப்பதிவின் முதற்பயன் எவருக்கும் புலப்படுவதே. சிறந்த ஆசிரியரை நேரில் கேட்கும் வாய்ப்பு, முன்பு அவர் பணிபுரியும் நிறுவனத்தில் இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்று மாவட்டத் தலைநகரின் சிறு கல்லூரி மாணவரும் அவருடைய விரிவுரையைக் கேட்கலாம்.

இரண்டாவது பயன் அத்துணை பேசப்படுவதில்லை. தாய்மொழி வழியில் பள்ளிப் படிப்பை முடித்து ஆங்கில வழிக் கல்லூரியில் சேரும் மாணவர், முதற்பருவத்தில் பாடத்தோடும் மொழியோடும் ஒருசேரப் போராட வேண்டியுள்ளது. வகுப்பில் ஒரு சொல் விளங்காமற்போனால், அதனைத் தொடர்ந்து வரும் ஐந்து வாக்கியங்களும் கைநழுவிப் போகின்றன. கையெழுப்பிக் கேட்கவும் கூச்சம் தடுக்கிறது. பதிவு செய்த பாடத்தையோ அவர் நிறுத்தலாம், மீண்டும் ஓடவிடலாம், அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொடரலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது சிறிய உதவியன்று.

பதிவினால் இயலாதது

எனினும், பதிவு செய்த பாடம் மாணவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர், தாம் சொல்வது எட்டுகிறதா என்பதை நொடிக்கு நொடி அறிகிறார். ஐம்பது பேரில் முப்பது பேர் எழுதுவதை நிறுத்திவிட்டு விழித்தால், அவர் கரும்பலகையை அழித்துவிட்டு வேறோர் எடுத்துக்காட்டைத் தொடங்குகிறார். ஒரு மாணவர் கேட்கும் கேள்வி, கேட்கத் தயங்கிய பத்துப் பேரின் ஐயத்தையும் தீர்க்கிறது. ஒளிப்பதிவிலுள்ள பேராசிரியரோ எத்துணைத் திறமையாளராயினும், எங்கே மாணவர் தடுமாறினார் என்பதை அறியாமலேயே அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறார்.

காலக்கட்டுப்பாடு மற்றொன்று. வகுப்பு காலை பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கு அங்கிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்னும் பாடமோ நாளைக்கு என்று தள்ளிவைக்கப்பட்டு, தேர்வு நெருங்கும்போது மலையெனக் குவிகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012-13இல் இணைய வழியில் நடத்திய முதல் 17 பாடங்களில் 8,41,687 பதிவுகள் இருந்தன. அவற்றுள் சான்றிதழில் முடிந்தவை 43,196. அதாவது நூற்றுக்கு ஐந்து. பதிவு செய்த அனைவரும் சான்றிதழை நாடியவரல்லர் என்பதை ஒப்புக்கொண்டாலும், தனித்து விடப்பட்ட மாணவர் தொடர்ந்து பயில்வது எத்துணை அரிது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஆய்வுக்கூடப் பயிற்சியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அமிலத்தை அளந்து ஊற்றும் கையைத் திரையில் பார்ப்பதனால் நம் கை பழகுவதில்லை.

நேரடி வகுப்பின் குறை

இவற்றைக் கொண்டு, வகுப்பில் அமர்ந்திருப்பதே கல்வி என்று முடிவு கட்டிவிடலாகாது. நூற்றுக்கு 75 வருகை வேண்டும் என்னும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அவ்விதி மாணவரின் உடலை வகுப்புக்குக் கொணரும். உள்ளத்தைக் கொணர அதனால் இயலாது. பழைய குறிப்பேட்டைப் பார்த்து ஆசிரியர் வாசிக்க, மாணவர் எழுதிக்கொள்ளும் வகுப்பு, முகம் பார்க்கும் வாய்ப்பிருந்தும் அதனைப் பயன்படுத்தாத வகுப்பாகும். அத்தகைய வகுப்பைவிட நல்ல ஒளிப்பதிவு மேலானது.

2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆசிரியர் மட்டுமே பேசும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி நூற்றுக்கு 33.8 ஆகவும், மாணவர் கேட்டும் விடை கண்டும் கலந்துரையாடியும் பயின்ற வகுப்புகளில் 21.8 ஆகவும் இருந்தன. நேரடி வகுப்பின் மதிப்பு அங்கு நிகழும் கேள்வியிலும் விடையிலும் உள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டையும் இணைத்தல்

நம் நாட்டில் பயன் தந்த முயற்சிகளைக் கூர்ந்து நோக்கினால், அவற்றில் பதிவு தனித்து நிற்கவில்லை என்பது விளங்கும். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அச்சுப் பாடங்களோடு கல்வி மையங்களையும், ஆலோசனை வகுப்புகளையும், ஆசிரியர் திருத்தித் தரும் ஒப்படைப்புகளையும் அமைத்தது. என்.பி.டெல் திட்டமும் விரிவுரைகளை வெளியிடுவதோடு நின்றுவிடாமல், 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களை நடத்தத் தொடங்கியது. குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய வாராந்தரப் பயிற்சி, ஐயம் கேட்கும் மன்றம், மையத்துக்கு நேரில் வந்து எழுதும் தேர்வு ஆகியவை சேர்க்கப்பட்டன. கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் அமைந்து, அங்குள்ள ஆசிரியர்கள் வழிகாட்டிகளாயினர். பதிவினால் இயலாத காலக்கட்டுப்பாடும் கேள்விக்கு இடமும் இவ்வாறு வெளியிலிருந்து ஈடு செய்யப்பட்டன.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 42, ஊரகத்தில் 14.9 மட்டுமே. கணினி வைத்திருந்த ஊரகக் குடும்பங்கள் நூற்றுக்கு 4.4. அதன் பின்னர்க் கைப்பேசி வழி இணையம் பரவியுள்ளது உண்மையே. ஆயினும் வீட்டில் தனித்து அமர்ந்து பயில இடமும் அமைதியும் இல்லாத மாணவருக்குக் கல்லூரிக் கட்டடமே ஒரு கல்வி வசதி என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை

மாணவர்கள் மனங்கொள்ள வேண்டியவை சில. பாடத்தின் பதிவு கிடைக்குமாயின் வகுப்புக்கு முன்னரே அதனைக் கேட்டு, விளங்காத இடங்களைக் குறித்து வருதல் நலம். கேட்கும்போது எழுதிக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிடலாகாது. நேரடி வகுப்பே கிடைக்காதவர்கள், இருவர் மூவராகக் கூடி, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துப் பயில்வாராயின் தள்ளிப்போடும் குறை பெரிதும் நீங்கும்.

கல்லூரிகள், விளக்கம் கூறும் வேலையில் ஒரு பகுதியைப் பதிவுக்கு விட்டு, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் கணக்குக்கும் கலந்துரையாடலுக்கும் ஒதுக்கலாம். அவ்வாறு செய்யும்போது ஆசிரியரின் வேலை குறைவதில்லை. ஆயத்தமாக ஓதிவிட்டுப் போவதைவிட, எதிர்பாராத கேள்விக்கு விடை கூறுவது கடினமானது.

நிதியையும் பணியிடங்களையும் தீர்மானிக்கும் அலுவலர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. பதிவு செய்த பாடம் விளக்கத்தின் செலவைக் குறைக்கும். அதனைக் காரணமாகக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே விட்டுவைத்தால், அதன் இழப்பு வளமான நகரக் கல்லூரி மாணவரைச் சாராது. அவருக்கு ஐயம் தீர்க்க அண்ணனோ, அண்டை வீட்டுப் பொறியாளரோ, தனிப்பயிற்சியோ உண்டு. வீட்டில் கேட்பதற்கு எவருமில்லாத மாணவருக்குக் கல்லூரி ஆசிரியர் ஒருவரே புகல். ஆகவே, ஒளிப்பதிவுப் பாடத்துக்குத் திரையும் கருவியும் வாங்க ஒதுக்கீடு செய்யும் ஒவ்வொரு திட்டத்திலும், அம்மாணவரின் கேள்விக்கு விடை கூறப் போகிறவர் யார் என்பதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.