எதிரணி வேறு, எதிரி வேறு

மலேசியாவும் இந்தோனேசியாவும் அண்டை நாடுகள்; மொழியாலும் உணவாலும் பண்பாட்டாலும் நெருங்கியவை. எனினும், இவ்விரு நாடுகளின் காற்பந்து அணிகள் மோதும் நாளில், புக்கிட் தெங்கா உணவகங்கள் முதல் ஜகார்த்தா தெருக்கள் வரை பரபரப்பு தொற்றிக்கொள்ளும்.

இப்போட்டி உணர்வுக்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1963ஆம் ஆண்டில் மலேசியா உருவானதை இந்தோனேசிய அதிபர் சுகார்னோ எதிர்த்தார். அம்மோதல் 1966ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆயினும், மலேசியாவை நசுக்குவோம் எனும் அக்கால முழக்கம் பின்னாளில் விளையாட்டரங்குகளிலும் ஒலித்தது.

2010ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த ஆசியான் சுசுகி கிண்ணப் போட்டி இன்றும் பேசப்படுகிறது. முதற்சுற்றில் இந்தோனேசியாவிடம் மலேசியா 5–1 எனத் தோற்றது. பயிற்றுநர் கே. ராஜகோபால் தம் இளம் அணியைத் துவளவிடவில்லை. அதே மாதம் 26ஆம் நாள், புக்கிட் ஜாலில் அரங்கில் இறுதியாட்டத்தின் முதல் சந்திப்பில் மலேசியா 3–0 என வென்றது. மூன்று நாள்களுக்குப் பின் ஜகார்த்தாவில் 2–1 எனத் தோற்றாலும், மொத்தக் கோல் எண்ணிக்கையில் 4–2 என முந்திக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. டிசம்பர் 31ஆம் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், அவ்வெற்றியில் ஒரு கறையும் படிந்தது. புக்கிட் ஜாலிலில் இரசிகர்கள் சிலர் இந்தோனேசிய ஆட்டக்காரர்களின் கண்களில் இலேசர் ஒளியைப் பாய்ச்சினர். ஆட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டது. மூன்று கோல்களும் ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகே விழுந்தன. ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்திப் பெற்ற வெற்றியைப் பிறர் ஐயுற அச்செயல் இடமளித்துவிட்டது. தம் அணிக்கு உதவுவதாக எண்ணியவர்களே அதன் பெருமையைக் குறைத்தனர்.

வரம்பு மீறல் ஒரு நாட்டோடு நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டத்தின்போது, ஜகார்த்தாவில் மலேசிய இரசிகர்கள் தாக்கப்பட்டனர்.

ஆட்டக்காரர்களோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றனர். 2005ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர் அணிக்காக மூன்று கோல்களை அடித்தவர் இந்தோனேசியாவின் பம்பாங் பமுங்காஸ். அவரே 2010ஆம் ஆண்டு இந்தோனேசிய அணியிலும் இடம்பெற்றிருந்தார். அவ்விறுதியாட்டத்தில் இந்தோனேசியாவுக்கு எதிராக மூன்று கோல்களைப் புகுத்திய மலேசியாவின் சாபி சாலி, 2011ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயா அணியில் இணைந்தார். ஒரு சீருடையில் எதிரணி ஆட்டக்காரராக நிற்பவர், மற்றொரு சீருடையில் நம்மவராகிவிடுகிறார்.

வலிமையான எதிரணி இல்லையேல் வெற்றிக்கு மதிப்பில்லை. 5–1 எனும் தோல்விதான் ராஜகோபாலின் அணிக்குத் தன் குறைகளைக் காட்டியது. பள்ளித் திடலில் அண்டைப் பள்ளியோடு மோதும் மாணவருக்கும் இது பொருந்தும். எதிரணியை வெல்ல முயல்வது விளையாட்டு. அதனை வெறுக்கத் தொடங்கினால் அது விளையாட்டாகாது.