பென் டிரைவுக்குள் ஒரு லேப்

நம்மில் பலருக்குச் சொந்தமாகக் கணிப்பொறி கிடையாது. லேபில் கிடைக்கும் இரண்டு மணி நேரம், சித்தப்பா வீட்டு மெஷின், பிரவுசிங் சென்டர் என்று அங்கங்கே உட்கார்ந்துதான் இறுதியாண்டு ப்ராஜெக்டை முடித்தாக வேண்டும். லேப் மெஷினிலோ எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். சில லேப்களில் மெஷினை அணைத்துப் போட்டாலே நாம் வைத்த ஃபைல்கள் மாயமாகிவிடும். இந்த நிலைமையில் நமக்குக் கை கொடுப்பவை ‘போர்ட்டபிள்’ சாஃப்ட்வேர்கள்.

“சி டிரைவில் இருக்கிற ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக்க வேண்டியதுதானே அண்ணா?” என்று ஜூனியர் பசங்க கேட்கிறார்கள். டாஸ் காலத்தில் அது நடந்தது. டர்போ சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபோல்டர். காப்பி செய்து, டைரக்டரீஸ் மெனுவில் இன்க்ளூட், லைப்ரரி இரண்டின் பாதையையும் திருத்தினால் ஓடும். 1995-ல் விண்டோஸ் 95 வந்த பிறகு கதை மாறிற்று. இன்ஸ்டால் செய்யும் சாஃப்ட்வேர் ஓரிடத்தில் உட்காருவதில்லை. உடம்பு ப்ரோக்ராம் ஃபைல்ஸில், விலாசம் ரெஜிஸ்ட்ரியில், நம்முடைய செட்டிங்குகள் யூசர் பெயரின் கீழ் ஆப்டேட்டா ஃபோல்டரில், சில டி.எல்.எல். ஃபைல்கள் சிஸ்டம்32-ல். உடம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், ‘வி.சி.ரன்டைம்140 டி.எல்.எல். காணவில்லை’ என்று அடுத்த மெஷின் கையை விரித்துவிடும்.

போர்ட்டபிள் என்றால் இவற்றை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான். 2004-ல் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸை இப்படிப் பென் டிரைவில் ஓட வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய போர்ட்டபிள்ஆப்ஸ். அதில் ஒவ்வொரு சாஃப்ட்வேர் ஃபோல்டருக்குள்ளும் ‘ஆப்’ என்றும் ‘டேட்டா’ என்றும் பிரிவுகள் இருக்கும். வெளியே ஒரு சின்ன லாஞ்சர். லாஞ்சரைத் தட்டினால், டேட்டாவில் இருக்கும் செட்டிங்குகளை எடுத்துக் கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டியிருந்தால் எழுதும். மூடும்போது அதைத் திரும்ப டேட்டாவில் சேமித்துவிட்டு, மெஷினில் எழுதியதைத் துடைத்துவிடும். பெல் அடித்ததும் சாஃப்ட்வேரை மூடாமல் பென் டிரைவைப் பிடுங்குகிறோமே, அப்போது இந்தக் கடைசி வேலை நடக்காது. செட்டிங்குகள் லேபிலேயே தங்கிவிடும்!

எல்லாவற்றுக்கும் லாஞ்சர் தேவையில்லை. சில சாஃப்ட்வேர்களுக்குத் தாங்களே போர்ட்டபிளாக நடந்துகொள்ளத் தெரியும். விஎஸ் கோடை இன்ஸ்டாலராக எடுக்காமல் ஜிப் ஆக எடுங்கள். விரித்த ஃபோல்டருக்குள், இ.எக்ஸ்.இ. ஃபைலுக்குப் பக்கத்திலேயே, ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘டேட்டா’ என்று ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்குங்கள். அவ்வளவுதான். அடுத்த தடவை திறக்கும்போது எக்ஸ்டென்ஷன், செட்டிங்கு எல்லாம் அதற்குள் போய்விடும். ஆர்டுயினோவின் பழைய 1.8 வரிசையிலும் இதே தந்திரம்தான். அங்கே ஃபோல்டரின் பெயர் ‘போர்ட்டபிள்’. லைப்ரரிகளும் நாம் எழுதும் ஸ்கெட்ச்களும் அதற்குள் சேரும்.

இனிதான் நம்ம பசங்க மாட்டிக்கொள்ளும் இடம். விஎஸ் கோடு வெறும் எடிட்டர். சி கம்பைலர் அதில் இல்லை. மிங்டபிள்யூ கம்பைலரை ஜிப் ஆக எடுத்துப் பென் டிரைவில் விரிக்கலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பாத் வேரியபிள் மூலம் சொல்ல வேண்டும். இன்று ‘இ’ டிரைவ் என்று எழுதி வைத்தால், நாளை வேறு மெஷினில் அதே பென் டிரைவ் ‘ஜி’ ஆக நிற்கும். தீர்வு ஒரு பேட்ச் ஃபைல். அதில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக சதவீதக்குறி, டில்டா, டி, பி, பூஜ்யம் என்று இடைவெளி விடாமல் எழுதுங்கள். ‘இந்தப் பேட்ச் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்த இடம்’ என்று அதற்குப் பொருள். அதை ஒட்டி மிங்டபிள்யூவின் பின் ஃபோல்டர் பெயரைச் சேர்த்துப் பாத்தில் முதலாவதாக வைத்து, அடுத்த வரியில் விஎஸ் கோடைக் கூப்பிடுங்கள். இனிமேல் விஎஸ் கோடைத் தனியாகத் திறக்காமல், அந்தப் பேட்ச் ஃபைலையே தட்ட வேண்டும். இந்த மாற்றம் அந்த ஓட்டத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் அட்மின் உரிமையும் வேண்டாம்.

டிரைவர் சமாசாரம் வேறு. விலை குறைந்த ஆர்டுயினோ போர்டுகள் பலவற்றில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும். டிரைவர் விண்டோஸின் உள்ளே போய் உட்கார வேண்டியது. அதைப் போர்ட்டபிள் ஆக்கவே முடியாது. ப்ரோக்ராம் அழகாகக் கம்பைல் ஆகும், அப்லோடுக்குப் போர்ட் மட்டும் தெரியாது. லேப் இன்சார்ஜ் சாரிடம் சொல்லி ஒரு தடவை போட்டுக்கொள்வதே வழி. பென் டிரைவைச் செருகும் முன்பே அவரிடம் அனுமதி கேட்பது நல்லது. ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட்டாக்கிவிடும் வைரஸ்களைப் பார்த்து நொந்தவர்கள் அவர்கள்.

ஹாஸ்டலில் ‘ஆட்டோகேட் போர்ட்டபிள்’ என்று ஒன்று கைக்குக் கை சுற்றுகிறது. ஆட்டோடெஸ்க் அப்படி எதையும் வெளியிடவில்லை. யாரோ லைசென்ஸை உடைத்துக் கட்டிய மூட்டை அது. உள்ளே வேறு என்ன கட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? மாணவர் என்று நிரூபித்தால் கல்வி உரிமம் இலவசமாகவே கிடைக்கும். இன்ஸ்டால் செய்ய மெஷின் இல்லாதவர்கள் 2டி வரைபடத்துக்கு லிப்ரேகேட் போர்ட்டபிளைப் பயன்படுத்தலாம், டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமித்தால் ஆட்டோகேட்டிலும் திறக்கும்.

பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 ஆக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்டுகளைச் சேமிக்காதீர்கள். பென் டிரைவ் பஸ்ஸில் விழுந்தால் அவையும் சேர்ந்தே விழும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு மட்டுமாவது வேறிடத்தில் ஒரு காப்பி இருக்கட்டும். ஜிப் ஆக எடுத்த விஎஸ் கோடு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. புதிய ஜிப்பைத் தனி ஃபோல்டரில் விரித்து, பழையதிலிருந்து அந்த ‘டேட்டா’ ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து வையுங்கள். புதியது சரியாக ஓடுகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பழையதை அழிக்கலாம்.