விளம்பரமும் விவேகமும்

ஒரு பொருளுக்குத் தன்மைகள் பல. அவற்றுள் ஒன்றை எடுத்துரைப்பது நயம். பிற தன்மைகளை மறுக்காதவரை அது சுநயம். தான் கூறியதே முழு உண்மை எனச் சாதிக்கும்போது அது துர்நயம். அநேகாந்தத்தின் இம்முதற்பாடத்தை நாம் தத்துவ விசாரணைக்கு மட்டும் உரியதாகக் கருதிவிடுகிறோம். நாள்தோறும் இல்லத்துள் நுழையும் விளம்பரத்தையும் செய்தியையும் ஆராய்தற்கும் இதுவே ஏற்ற கருவி.

மக்கள் மனத்தை வயப்படுத்தும் உத்திகளை ஆராய 1937-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அது ஏழு உத்திகளை வகுத்துக் காட்டியது. அவற்றுள் நம் இல்லங்களில் மிகுதியாகக் காணப்படும் நான்கினை ஈண்டு நோக்குவோம்.

1. கூட்டத்தைக் காட்டல்: "எல்லோரும் வாங்குகின்றனர், நீங்கள் மட்டும் ஏன் இன்னும் வாங்கவில்லை?" என்பது இதன் குரல். உலகம் செய்கிறது என்பதற்காகவே ஆராயாமல் தாமும் செய்தலை நம் முன்னோர் உலக மூடம் என்றனர். பலர் செய்வது என்பது ஒன்று. நல்லது என்பது வேறொன்று.

2. பிரபலர் சான்று: நடிகரோ விளையாட்டு வீரரோ பொருளைப் புகழ்வர். அவர் தம் கலையில் வல்லவர். அப்பொருளை ஆராய்ந்தவர் அல்லர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், திசைதிருப்பும் விளம்பரத்தில் தோன்றுவோருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. தண்டத்துக்கு அஞ்சியேனும் நாவடக்கம் வரட்டும் என்பது சட்டத்தின் எண்ணம் போலும்.

3. பளபளக்கும் சொற்கள்: "தூய", "இயற்கையான", "பாரம்பரியமிக்க" என்பன போன்றவை. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் கூறிவந்த எளிய முறை ஒன்றுண்டு. விளம்பர வாசகத்தில் உள்ள பெயரடைகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். எஞ்சி நிற்பதே செய்தி. பெரும்பாலும் பொருளின் பெயர் மட்டுமே எஞ்சும்.

4. ஒருபுறம் மட்டும் உரைத்தல்: இதுவே நான்கினுள் நுண்ணியது, ஏனெனில் இதில் பொய்யே இராது. "எங்கள் கடலை எண்ணெயில் கொலஸ்டிரால் இல்லை" என்றால் அது மெய்யே. ஆயின், தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் இருப்பதாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. எண்ணெய் முழுவதும் கொழுப்பு என்பதும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும் என்பதும் சொல்லப்படவில்லை.

இவ்விடத்தில் சாவகர் சிறப்பாக நோக்க வேண்டியது ஒன்று. உணவுப் பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் கண்டதும் நாம் ஐயமின்றி வாங்குகிறோம். அக்குறி பொய்யன்று, சட்டம் வகுத்த எல்லைக்குள் அது மெய். ஆனால் அச்சட்டம் தேனையும், தேன்மெழுகையும், அரக்குப்பூச்சியிடமிருந்து பெறப்படும் அரக்கையும் அசைவத்தில் சேர்ப்பதில்லை. தேனை விலக்குதலோ நம் மூலகுணங்களுள் ஒன்று. கிழங்கு, வெங்காயம், பூண்டு பற்றியும் அக்குறி யாதும் கூறாது. இனிப்புகளின் மேற்பூச்சில் அரக்கு 904 என்னும் எண்ணால் குறிக்கப்படுவதும் உண்டு. ஆகவே முன்பக்கத்துக் குறியோடு நில்லாமல், பின்பக்கத்துச் சிற்றெழுத்தையும் படித்தல் வேண்டும். குறி ஒரு நயம். நம் விரதம் அதனினும் அகன்றது.

செய்திகளுக்கும் இதுவே விதி. ஒரே கூட்டத்தை ஓர் இதழ் "மக்கள் வெள்ளம்" என்னும். மற்றொன்று வெற்று நாற்காலிகளின் படத்தை வெளியிடும். படம் எடுத்த மூலை எது, எடுத்த நேரம் எது என்று கேட்டால் இரண்டும் மெய்யாக இருக்கலாம்.

இல்லத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து, ஒரு விளம்பரத்தையோ செய்தியையோ எடுத்துக்கொண்டு கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை காண்க:

அ. இதைச் சொல்பவர் யார்? நாம் நம்பினால் அவருக்கு என்ன பயன்?
ஆ. எவ்வகையால் இது மெய்? எவ்வகையால் அன்று?
இ. சொல்லாமல் விடப்பட்டது யாது?

மூன்றாம் வினாவே தலையாயது.

இறுதியாக ஒன்று. கைப்பேசியில் வந்த செய்தியை ஆராயாமல் பிறர்க்கு அனுப்பும்போது நாமே விளம்பரக்காரர் ஆகிவிடுகிறோம். அது நம் சமயத்தைப் புகழ்வதாயினும், பிற சமயத்தாரைப் பழிப்பதாயினும் குற்றம் ஒன்றே. பொய்யான உபதேசத்தைச் சத்தியாணுவிரதத்தின் அதிசாரங்களுள் முதலாவதாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்தெண்ணுகிறது. பிறர் துர்நயத்தைக் காண்பது அறிவு. நம்முடையதை நிறுத்துவது விரதம்.