அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கும் கதை வேண்டும்

சிறுவர் கதை என்றதும் நமக்குச் சிங்கமும் நரியும், அரசனும் மந்திரியும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஏழு வயதில் அவர்கள் தேவை. பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவர்கள் போதாது. தன் பள்ளியில் நடப்பது, வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாதது, நண்பனிடம்கூடச் சொல்லக் கூசுவது எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று அந்த வயது தேடுகிறது. தமிழில் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் தேடும். அங்கேயும் கிடைக்காவிட்டால் வாசிப்பதையே விட்டுவிடும்.

கிள்ளானில் இளையோர் வாசிப்பு வட்டமும் பிரிக்பீல்ட்ஸில் கதை எழுதும் பயிற்சியும் நடத்தி வருகிறேன். இளையோருக்காக நானும் எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்தையும் சயாம் மரண ரயில் பாதையையும் மலேசியத் தமிழ் நாவல்கள் பதிவு செய்துவிட்டன, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஒன்றே அதற்குச் சாட்சி. அந்தத் தோட்டத்து மனிதர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் வளர்கிறார்கள். நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளிவரும் பிள்ளைகளின் இன்றைய வாழ்க்கையைச் சொல்லும் கதைகள் குறைவு. அவற்றை எழுத முன்வருகிறவர்களுக்கு, அனுபவத்தில் நான் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

1. கருப்பொருளை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

பெரியவர்களைக் கருப்பொருள் கேட்டால் ஒற்றுமை, சிக்கனம், பெற்றோர் சொல் கேட்டல் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவற்றை வைத்து எழுதினால் கட்டுரைதான் வரும். வாசிப்பு வட்டத்தில் நான் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு கேட்பேன். வீட்டில் கேட்க முடியாத ஒரு கேள்வியை அதில் எழுத வேண்டும். “அப்பா வேலைக்குப் போகலைன்னு ஏன் யாரும் பேச மாட்டேங்கிறாங்க?” “என் மலாயைக் கேட்டுச் சிரிக்கிறவங்ககிட்ட எப்படி நண்பனாகுறது?” இப்படி வரும் ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. பதில் தெரிந்த கேள்வியைவிட, உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். கதை உயிரோடு நகரும்.

2. இங்கே மட்டுமே நடக்கும் கதையைத் தேடுங்கள்

தமிழ்நாட்டு எழுத்தாளர் எழுத முடியாத, கோலாலம்பூரின் ஆங்கில எழுத்தாளர் எழுதாத கதைகள் நம் கைவசம் நிறைய உண்டு.

முதலாவது, பெரலிஹான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் சிலர், படிவம் ஒன்றுக்கு முன்னால் ஓராண்டு இந்தப் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். மலாய்மொழியைப் பலப்படுத்துவதற்கான ஆண்டு அது. நேற்று வரை ஒரே மேசையில் இருந்த நண்பன் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போய்விடுவான். இவன் ஓராண்டு பின்தங்குவான். பதின்மூன்று வயதில் அந்த ஓராண்டு எவ்வளவு நீளம் என்பதைச் சொல்ல ஒரு நாவலே வேண்டும்.

இரண்டாவது, மைகாட். பன்னிரண்டு வயதானால் அடையாள அட்டை எடுக்க வேண்டும். வகுப்பே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் பேச்சை மாற்றுவாள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்கள் பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்ட தம்பதிகள் உண்டு. பதிவாகாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை ஆவணத்துக்காக அலைய நேரிடும். சட்டத்தைக் கதைக்குள் விளக்க வேண்டாம். அந்தச் சிறுமி பேச்சை மாற்றும் விதத்தை எழுதுங்கள். வாசகன் மீதியைத் தேடிக்கொள்வான்.

மூன்றாவது, வெள்ளம். 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரை வரை ஏறியது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடம் அது. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள். கனமழை பெய்தால் இன்றும் தூங்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலமும் அப்படித்தான். மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி, மூவருக்கும் ஒரே நேரத்தில் இணைய வகுப்பு. இதைவிடக் கூர்மையான குடும்பக் கதை வேறென்ன வேண்டும்?

3. இடத்தை நடந்து பாருங்கள்

“கோலாலம்பூர் மாநகரில் ஒரு பள்ளி” என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் அங்கே போய்ச் சேராது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலையைத் தாண்டி, எந்தச் சந்தில் திரும்பினான் என்று எழுதுங்கள். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. நடைபாதையில் பதித்த மேடு வைத்த கற்களைக் கோலால் தட்டிக்கொண்டு போகிறவர்களை அங்கே வளரும் பிள்ளை தினமும் பார்க்கிறது. அந்தக் கற்களின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களையும் பார்க்கிறது. கிள்ளான் என்றால் தெங்கு கிளானா சாலையின் பூக்கடையும் சேலைக்கடையும் மட்டும் அல்ல. துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லாரிகள், இரவில் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கும் அப்பா, அவர் எழுந்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் தொலைக்காட்சி பார்க்கும் தம்பி எல்லாமும் சேர்ந்ததுதான் கிள்ளான். எழுதும் முன் உங்கள் பாத்திரம் பள்ளிக்குப் போகும் வழியில் ஒருமுறையாவது நடந்து பாருங்கள். காலை ஆறரை மணிக்கு நடப்பது இன்னும் நல்லது.

4. பரீட்சை நடையை வாசலிலேயே விட்டுவிடுங்கள்

நம் பிள்ளைகள் மரபுத்தொடரும் இணைமொழியும் உவமைத்தொடரும் படித்து வளர்கிறார்கள். அவை மொழியின் சொத்து. அவற்றைக் கற்பிப்பதும் தேவை. ஆனால் கதை எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிடுகிறார்கள். நான் இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

“தந்தையின் அறிவுரையைக் கேட்ட குமரன், தன் தவற்றை உணர்ந்து கண்ணீர் மல்கினான்.” இது முதலாவது.

“அப்பா லாரிச் சாவியை மேசைமேல் வைத்தார். கை கழுவப் போகவில்லை. ‘சிக்கு போன் பண்ணாரு. ஏன்டா என்கிட்ட சொல்லல?’ என்றார். குமரன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.” இது இரண்டாவது.

எந்தக் குமரனைத் தெரியும் என்று கேட்டால், எல்லாரும் இரண்டாமவனைத்தான் காட்டுவார்கள்.

கதை சொல்லும் நடை நல்ல தமிழாக இருக்கட்டும்; உரையாடல் அவர்கள் பேசுவதாக இருக்கட்டும். இடைநிலைப்பள்ளி ஆசிரியர் அவர்கள் வாயில் ‘சிக்கு’தான், உணவைக் கட்டி வாங்கினால் ‘தாபாவ்’தான். விளக்கக் குறிப்பு போடாமல், பொருள் வாக்கியத்திலேயே புரியும்படி வைத்தால் போதும். வரிக்கு நான்கு மலாய்ச் சொல் வேண்டியதில்லை. சரியான இடத்தில் ஒன்று விழுந்தால் அந்தப் பிள்ளையின் குரல் கேட்டுவிடும்.

5. பெரியவரைக் கொண்டு முடிச்சை அவிழ்க்காதீர்கள்

கடைசிப் பக்கத்தில் ஆசிரியரோ தாத்தாவோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால், அதுவரை பிள்ளை பட்ட பாடு வீண். பெரியவர்கள் உதவலாம், துணையாக நிற்கலாம். முடிவெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். அது சின்ன முடிவாக இருந்தாலும் போதும். மைகாட் இல்லாத சிறுமிக்குக் கதையின் முடிவில் மைகாட் கிடைக்க வேண்டியதில்லை. நெருங்கிய தோழி ஒருத்தியிடம் முதன்முறையாக உண்மையைச் சொல்கிறாள் என்றால் அதுவே பெரிய மாற்றம். வாழ்க்கையில் நடக்காத அற்புதத்தைக் கதையில் நடத்திக் காட்டினால், அதே நிலையில் இருக்கும் வாசகி தனக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை என்று வாடிப்போவாள்.

6. கடினமானதை எழுதலாம், கவனமாக எழுதுங்கள்

குடி, அடி, பகடிவதை, சாதி, மரணம் ஆகியவை பிள்ளைகளின் உலகத்தில் ஏற்கனவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ எழுதினார். கேள்வி கேட்பதற்காக வகுப்பில் அடிபடும் மாணவியை வைத்து இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’வை ஆசிரியர்களே கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். ‘ஆயிஷா’ மரணத்தில் முடிகிறது. அதைப் போன்ற கதையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்; உடன் உட்கார்ந்து படித்து, பிறகு பேசுங்கள்.

எழுதும்போது நான் மூன்று விதிகளை மீறுவதில்லை. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் வழிமுறையை விவரிப்பதில்லை. வன்முறையின் காட்சியைவிட, அது விட்டுச் செல்லும் விளைவுக்கு அதிக இடம் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளை பேசக்கூடிய ஒரு மனிதரையாவது கதைக்குள் வைக்கிறேன். பயிற்சியில் ஒரு பிள்ளை எழுதியது கற்பனை அல்ல என்று தோன்றினால், கதையை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள். தாலியான் காசே 15999 உதவித் தொலைபேசி எண் அதற்காகத்தான் இருக்கிறது.

7. உண்மைப் பிள்ளையை மறைத்துவிடுங்கள்

ஒரு மாணவன் உங்களிடம் சொன்னது உங்கள் கதைக்கான அனுமதி ஆகாது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வீடு, வயது, குடும்ப அமைப்பு எல்லாம் மாற வேண்டும். அவனுடைய அம்மா படித்தாலும் தன் மகன் என்று அடையாளம் காணக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவனுடைய உணர்வை மட்டும்தான்.

8. அச்சுக்கு முன் வாய்விட்டு வாசியுங்கள்

எழுதிய கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் கால் ஆட ஆரம்பிக்கிறதோ, அந்தப் பத்தியை வெட்டுங்கள். “நாங்க இப்படிப் பேச மாட்டோம்” என்று ஒருவர் சொன்னால், எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் மண்ணில் நடக்கும் கதைக்கு இளைய வாசகர்கள் உண்டு என்ற நம்பிக்கையில் கே. பாலமுருகன் ‘மோகினி மலையின் இரகசியமும் ஐந்து நண்பர்களும்’ போன்ற சாகச நாவல்களை எழுதினார். அதே நம்பிக்கையோடு நடப்பு வாழ்க்கைக் கதைகளையும் எழுத வேண்டும்.

9. பிள்ளைகளையே எழுத விடுங்கள்

அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன், தன் வயதினரைப் பற்றிய உண்மையான கதை கிடைக்காததால், பள்ளியில் படிக்கும்போதே ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுதினார். 1967-இல் வெளிவந்த அந்த நாவல் இளையோர் இலக்கியத்தின் போக்கையே மாற்றியது. நம் இளையோருக்கும் வழி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் பேரவைக் கதைகள் போட்டியில் மாணவர்களும் எழுதி வந்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் எழுத்துப்பிழையைத் திருத்தட்டும். வாழ்க்கையைத் திருத்த வேண்டாம்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு கதையைப் படித்து முடித்ததும் “இதில் உள்ள நீதி என்ன?” என்று கேட்காதீர்கள். “எந்த இடத்துல உனக்குக் கோபம் வந்துச்சு?” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். எழுத்தாளர்களே, அந்தப் பதிலிலிருந்து உங்கள் அடுத்த கதையைத் தொடங்குங்கள். நம் பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று வருந்துவதற்கு முன், அவர்களுடைய வாழ்க்கை தமிழில் இருக்கும்படி செய்வோம்.