தடைக்காலம் முடிந்தது: இறால் பையைக் கவனியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகின்றன. வரத்து கூடி விலை இறங்கும்போது இரண்டு மூன்று கிலோ இறாலைச் சேர்த்தே வாங்கி பிரிட்ஜில் வைக்கத் தோன்றும். தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடையில் கட்டிக் கொடுத்த பையோடு அப்படியே உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

அந்த மெல்லிய பாலிதீன் பைக்குள் ஐஸ் உருகிய தண்ணீரும் இறாலின் சாறும் தேங்கி நிற்கும். அதிலேயே ஊறினால் சதை சொதசொதவென்று ஆகி, இனிப்பும் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டுத் தலையைக் கிள்ளிவிடுங்கள். சதையை இளக்கும் நொதிகள் பெரும்பாலும் தலையில்தான் இருக்கின்றன. ஓட்டில் படரும் கருப்பும் நொதியால் வருவதுதான், கிருமியால் அல்ல. அது ஏற காற்று வேண்டும். அதனால் இறுக்கமாக மூடும் டப்பாவில் இடைவெளி விடாமல் நிரப்பி, பிரிட்ஜில் குளிர் அதிகமுள்ள தட்டில் வையுங்கள். மறுநாளுக்குள் சமைத்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான். இறால் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் காய்ந்து நாராகாது.

உயிரோடு வாங்கும் மட்டி, சிப்பி, நண்டுக்கு இது நேர் எதிர். அவை மூச்சுவிட வேண்டும். மூடிய டப்பாவிலோ முடிச்சுப் போட்ட பையிலோ வைத்தால் செத்துவிடும். செத்த மட்டி வெகு சீக்கிரம் கெடும். நல்ல தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஈரத்துணி போர்த்தி பிரிட்ஜில் வையுங்கள். சமைக்கும் முன் வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், மூடிக்கொள்ளாததைக் கழித்துவிடுங்கள்.

காற்றை உறிஞ்சி ஒட்டிய வேக்கம் பாக்கெட்டைத்தான் பலரும் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். காற்று இல்லாததால் கருப்பு ஏறாது, நாற்றம் கிளப்பும் பாக்டீரியாவும் மெதுவாகத்தான் பெருகும். சிக்கலே அங்குதான். கெட்டதை மூக்குக்குச் சொல்லும் கிருமிகள் அடங்கிக் கிடக்க, காற்றில்லாத இடத்தையே விரும்பும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா ஓசையில்லாமல் நஞ்சை உண்டாக்கக்கூடும். கடல் உணவில் காணப்படும் அதன் ஒரு வகை 3.3 டிகிரி செல்சியஸிலேயே வளரும். வீட்டு பிரிட்ஜ் பெரும்பாலும் அதைவிடச் சூடானது. கதவைத் திறந்து திறந்து மூடும் வீட்டில் சொல்லவே வேண்டாம்.

எனவே வேக்கம் பாக்கெட் இறாலை உறைந்த நிலையில் மட்டும் வாங்குங்கள், ஃப்ரீசரிலேயே வையுங்கள். முதல் நாள் இரவு பிரிட்ஜுக்கு மாற்றும்போதே பாக்கெட்டைக் கத்தரித்து, இறாலைக் கிண்ணத்தில் கொட்டி மூடி வையுங்கள். உறை பிரிக்காமல் பனி இளகவிட வேண்டாம். வீட்டிலேயே வேக்கம் மெஷின் வைத்துக் கட்டி விற்பவர்கள், ஐஸ் பெட்டியை மட்டும் நம்பி அனுப்பாமல் கெட்டியாக உறையவைத்தே அனுப்புங்கள், பாக்கெட் மேல் ‘ஃப்ரீசரிலேயே வையுங்கள், உறை பிரிக்காமல் பனி இளகவிட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டுங்கள். பாக்கெட் உப்பியிருந்தால் முகர்ந்து பார்க்கவோ ருசி பார்க்கவோ வேண்டாம், பிரிக்காமலே குப்பையில் போடுங்கள்.